அளக்காத நான்கு கட்டங்கள்

எங்கள் கட்டடத்தில் அண்ணிக்கு ‘டேப்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவர் மாடிப்படியில் இறங்கி வந்தால் கீழே ஏதாவது ஒரு வீட்டிலிருந்து “டேப் வருது” என்று குரல் கேட்கும். ஏற்றுமதிக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் அவர் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு கோட்டுக்கு எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் என்ன வளைவு என்று காகிதத்தில் வரைந்து கொடுப்பது அவர் வேலை. கழுத்தில் தொங்கும் மஞ்சள் டேப்பை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மறந்துவிடுவார். நான் அவருடைய நாத்தனார். அவர் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இருபத்தோரு வருடமாக அவரோடு சண்டை போட்டு வருகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர்கள் கிடையாது.

என் அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில் இருப்பான். அண்ணி முதல் மாடியில், நான் தரைத்தளத்தில் பின்பக்க மூலை வீட்டில். அண்ணன் இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டு விஷயம் எல்லாவற்றிலும் அண்ணி மூக்கை நுழைப்பார், நுழைத்த இடத்தை அளந்தும் பார்ப்பார். நான் ஃப்ரிட்ஜ் வாங்கப் போனபோது கடைக்காரர் எதிரிலேயே டேப்பை உருவி, “இது உன் சமையல்கட்டு வாசல்ல நுழையாது” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதையேதான் வாங்குவேன் என்று அடம்பிடித்து வாங்கினேன். அந்த ஃப்ரிட்ஜ் இன்றைக்கும் ஹாலில்தான் நிற்கிறது.

‘சுமார்’ என்ற வார்த்தை அவருக்கு ஆகாது. “சுமாரா எவ்வளவு அண்ணி?” என்று கேட்டுவிட்டால் காதில் எறும்பு புகுந்தது போல முகத்தை வைத்துக்கொள்வார். பத்தொன்பது வயதில் அந்தத் தொழிற்சாலையில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். சாப்பாட்டு நேரத்தில் பேட்டர்ன் மேசைக்குப் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றார். மாஸ்டர் ஆன முதல் வருடமே மேலாளரோடு முட்டிக்கொண்டார். சின்ன அளவும் பெரிய அளவும் கையில் இருந்தால் நடு அளவைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் அந்த முறை பெரியதைவிடப் பெரிய அளவில் நானூறு கோட்டு கேட்டிருந்தார்கள். இருக்கிறதை அப்படியே நீட்டி வெட்டு என்றார் மேலாளர். அண்ணி கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

“நடுவுல இருக்கிறத ரெண்டு பக்கமும் பாத்து எடுக்கலாம் சார். ஓரத்துக்கு வெளிய யாரைப் பாத்து எடுக்கறது?” என்று கேட்டாராம். அந்த உடம்புவாகு உள்ள ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, அளந்த பிறகுதான் துணியை வெட்டவிட்டார். மேலாளர் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு கோட்டுகூடத் திரும்பி வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் எங்கள் கட்டடத்துக்கு இடதுபக்க மனையில் புதிதாக அடுக்குமாடி கட்டுவதற்காக ஆழமாகக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாதம் எங்கள் தரைத்தள நடையில் ஒரு விரிசல் தெரிந்தது. முதலில் தலைமுடி போல இருந்தது, பிறகு அதில் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. பதினெட்டுக் குடும்பங்களும் பயந்துபோனோம். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், தரைத்தளத்து முன்வீட்டுக்காரர், ஊரைக் கூட்டாத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார். புகார் கொடுத்ததும் மாநகராட்சியின் கட்டடப் பிரிவு அதிகாரி வந்தார். விரிசலைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், செயலாளர் நீட்டிய அறுபது போட்டோக்களையும் பொறுமையாகப் பார்த்தார்.

“விரிசல் எல்லாக் கட்டடத்துலயும் இருக்குங்க” என்றார் அதிகாரி. “தரை எந்தப் பக்கம் இறங்குது, எவ்வளவு இறங்குதுன்னு காட்டுங்க. மூணு வாரத்துல விசாரணை. குழியாலதான்னு தெரிஞ்சா நாளைக்கே தோண்டறத நிறுத்தச் சொல்றேன். உங்க கட்டடமே நொந்துபோயிருந்தா, மன்னிச்சுக்கோங்க, எல்லாரும் காலி பண்ணித்தான் ஆகணும்.”

காலி பண்ணணும் என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் செத்துவிட்டது. செயலாளரே வாயை மூடிக்கொண்டார். படிக்கட்டில் நின்றிருந்த அண்ணி மட்டும், “அளந்துடலாம்” என்றார்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற நீளமான ட்யூப் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி வந்தார். அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், ஒரு முனையில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில்தான் மறுமுனையிலும் நிற்கும். மீட்டர் ரூம் சுவரில், தரையிலிருந்து சரியாக ஆயிரம் மில்லிமீட்டரில், என் நகப்பூச்சை வாங்கிச் சிவப்பாக ஒரு கோடு போட்டார். ஒரு முனையில் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நிற்கும்படி பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. மறுமுனையோடு அவர் வீடு வீடாகப் போய்த் தரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் அளப்பார். ஆயிரம் வந்தால் தரை மட்டமாக இருக்கிறது. ஆயிரத்து ஒன்பது வந்தால் அந்த இடம் ஒன்பது மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கண்ணை மூடினால்கூட அந்தச் சிவப்புதான் தெரிந்தது.

வெறும் தரை என்றால் கோடு போட்டுச் சீராக அளந்துகொண்டே போயிருக்கலாம். இதுவோ ஆட்கள் குடியிருக்கிற வீடு. இங்கே கட்டில், அங்கே பீரோ, இன்னொரு இடத்தில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். எங்கே டேப்பும் ட்யூபும் நுழைந்ததோ அங்கே அளந்தார். அலமாரிக்குப் பின்னால் ஒன்று, கதவிடுக்கில் ஒன்று, ஒரே ஜன்னலுக்குக் கீழே நான்கு. அளந்த ஒவ்வொரு இடமும் முன்சுவரிலிருந்து எவ்வளவு தூரம், இடதுசுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொண்டார். கடைசியில் நூற்றுத் தொண்ணூற்றொரு இடம் ஆயிற்று. என் வீட்டுக்கு வந்தபோது ஹாலையும் படுக்கையறையையும் அளக்க விட்டேன். பின்னால் குளியலறையும் துணி துவைக்கிற இடமும் இருக்கிற மூலைக்கு அவர் திரும்பியதும், “அங்க சாமான் அடைஞ்சு கிடக்கு அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

அது பொய். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நல்லவள் வேஷம் போட எனக்கு வராது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மூலையில் வாஷிங் மெஷின் வைத்தேன். அழுக்குத் தண்ணீரைச் சாக்கடைக் குழாயோடு சேர்க்க வேண்டுமென்றால் சங்கத்தில் அனுமதி கேட்க வேண்டும், நடைத் தரையை உடைக்க வேண்டும். பிளம்பர், “பக்கத்துலயே பழைய மழைக்குழாய் ஒண்ணு போகுது, அதுல விட்டுடலாம்மா” என்றார். சரி என்றேன். அதன் பிறகு அந்த இடத்தில் எத்தனை வாளி ஊற்றினாலும் தண்ணீர் சட்டென்று காணாமல் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரியிடம் இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். சில மாதமாகக் குளியலறைக் கதவு நிலையில் இடித்தது. டைல்ஸைத் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வந்தது. எதையும் யாரிடமும் சொல்லவில்லை.

பெரிய பேட்டர்ன் காகிதத்தை விரித்து, தரைத்தளம் முழுவதையும் ஒன்றரை மீட்டருக்கு ஒரு கட்டமாகப் பிரித்தார் அண்ணி. நீளவாக்கில் பதினாறு, அகலவாக்கில் பத்து, ஆக நூற்று அறுபது கட்டம். எடுத்த எடுப்பிலேயே எண்களைக் கம்ப்யூட்டரில் கொட்டிப் பார்த்திருந்தார். அது படம் வரையவில்லை. அதற்கு வரிசையும் நிரலுமாக எண்களை அடுக்கித் தந்தால்தான் தரையின் மேடு பள்ளத்தை வண்ணத்தில் வரைந்து காட்டுமாம். நூற்றுத் தொண்ணூற்றொரு எண்ணும் சிதறிக் கிடந்தன. சில கட்டத்தில் நான்கு எண், சிலவற்றில் ஒன்று, இருபத்து மூன்று கட்டத்தில் ஒன்றுமே இல்லை. நான்கு இருந்தால் சராசரி எடுத்தார். எல்லாவற்றையும் பேனாவால் எழுதினார்.

காலியான கட்டங்களை விட்டுவிட்டு, தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் முதல் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் பார்த்துவிட்டு அலறினோம். மட்டமான தரையில் ஆங்காங்கே ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கிணறு கிணறாக இருந்தது.

“அடேயப்பா, நம்ம ஹால்லயே பாதாளம் இருக்கே” என்றார் என் வீட்டுக்காரர். “இத்தனை நாள் விழாம எப்படித் தப்பிச்சோம்?”

வெற்றுக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டுவிட்டதாம். ஆயிரம் ஆயிரமாக இருக்கிற எண்களுக்கு நடுவில் பூஜ்யம் வந்தால் கிணறாகத்தானே தெரியும்! அண்ணி சிரிக்கவில்லை. எல்லா எண்ணிலிருந்தும் ஆயிரத்தைக் கழித்து, இறங்கிய அளவை மட்டும் வைத்துக்கொண்டார். கிணறுகள் மறைந்தன. இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. செயலாளர் வீட்டு ஹால் மட்டும் மேடை கட்டியது போல உயர்ந்து நின்றது. அவரைக் கூப்பிட்டு விசாரித்தால், பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார். வாசற்படி ஓரத்தில் அந்தக் கனத்தை அளந்து, பதினான்கு மில்லிமீட்டரைச் சரிக்கட்டினார்.

வெற்றுக் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பினார். சுற்றியுள்ள எண்களைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிற எண்ணுக்கு அதிக மதிப்பும் தள்ளி இருப்பதற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கணக்குப் போட்டார். பத்தொன்பது கட்டம் நிரம்பியது. நான்கு மட்டும் நிரப்பாமல் நின்றது. கட்டடத்தின் வலதுபக்கப் பின்மூலையில், இரண்டுக்கு இரண்டாக. என் குளியலறையும் வாஷிங் மெஷினும் இருக்கிற இடம்.

விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வீட்டில் கூட்டம் போட்டோம். அண்ணி கொண்டுவந்த படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. குழி இருக்கிற இடதுபக்கம் தரை நீலமாகச் சரிந்து, பதினேழு மில்லிமீட்டர் வரைக்கும் இறங்கியிருந்தது. மற்ற இடம் பெரும்பாலும் பச்சை. என் மூலை தண்ணீர் தெளித்துத் துடைத்தது போல மட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு திரும்ப வந்தது.

“இது போதும்மா! ஜெயிச்சாச்சு!” என்று செயலாளர் கை தட்டினார்.

“போதாது சார்” என்றார் அண்ணி. “இந்த மூலையில நாலு கட்டம் அளக்கல. எண்ணே இல்லாததால கம்ப்யூட்டர் பூஜ்யம்னு எடுத்துக்கிட்டிருக்கு. இப்ப பூஜ்யம்னா மட்டமா இருக்குன்னு அர்த்தம் ஆயிடுது. மட்டமா இருக்கிறது வேற, அளக்காம விட்டது வேற.”

“மத்த கட்டத்தை நிரப்பினீங்களே, அதே மாதிரி இதையும் நிரப்பிடுங்க.”

“அதுக்கெல்லாம் நாலு பக்கமும் ஆள் இருந்தது. இது ஓரம். வெளிப்பக்கம் யாரைப் பாத்து நிரப்பறது?”

“யாரும்மா இதைக் கேக்கப் போறாங்க?”

“நான் கேக்கிறேனே.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்கு இடம் ஒழித்துத் தருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போவதற்கு முன்னால், ட்யூபைத் தோளில் சுற்றிக்கொண்டு அண்ணி என் வாசலில் நின்றார். நான் கதவை முழுசாகத் திறக்கவில்லை. தலைவலி என்றேன். மகளுக்குப் பரீட்சை என்றேன். அண்ணி அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“பதினெட்டு வீடும் சரின்னு சொல்லியாச்சு. உங்களுக்கு மட்டும் என்ன? வீட்டு மனுஷங்களைவிட எண்ணு பெருசாப் போச்சா? அங்க ஏதாவது வந்துட்டா எல்லாரும் என்னைத்தானே பிச்சுத் திம்பாங்க?”

சொன்ன பிறகுதான் நானே மாட்டிக்கொண்டது புரிந்தது. அண்ணி திட்டுவார் என்று நினைத்தேன்.

“தினமும் அங்க நிக்கிறது நீ” என்றார். “உன் பொண்ணு குளிக்கிறதும் அங்கதான். கீழ மண்ணு இருக்கா இல்லையான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. நீ திறக்கிற வரைக்கும் வருவேன். அந்த நாலு கட்டத்துல அளக்கலன்னு எழுதித்தான் அதிகாரிகிட்ட கொடுப்பேன். பொய் எண் போட மாட்டேன்.”

ட்யூபை என் வாசலிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் கதவை அடைத்துக்கொண்டு அழுதேன். வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நாம வாயைத் திறக்கலன்னா யாருக்குத் தெரியப் போகுது? உங்க அண்ணி நாலு நாள் முறுக்கிக்கிட்டு அடங்கிடுவாங்க” என்றார். இருபத்தோரு வருடத்தில் அண்ணி எதிலாவது அடங்கி நான் பார்த்ததில்லை. அதை அவருக்கு எடுத்துச் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் துணி போட்டேன். மெஷின் தண்ணீரை வெளியே தள்ளியது. வழக்கம்போல ஒரு சொட்டு தேங்காமல் போயிற்று. எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக யோசித்தேன். மூன்று வருடம், தினமும் இரண்டு தடவை. குதிகாலால் தரையைத் தட்டினேன். நான் நின்ற இடத்துக்குக் கீழே ஒன்றுமில்லாதது போலச் சத்தம் வந்தது. மகள் துண்டோடு வந்து, “நகரும்மா, குளிக்கணும்” என்றாள்.

“மாடிக்குப் போய் அத்தை வீட்டுல குளி” என்றேன். “அப்படியே அத்தையை உடனே இறங்கி வரச் சொல்லு.”

அண்ணி வந்து சேர்வதற்குள் மெஷினை நானே இழுத்து நகர்த்திவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குப் பின்னால் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. குழாயை மழைக்குழாயில் சொருகிய இடத்தைக் காட்டினேன். மூன்று வருடக் கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அண்ணி என் வீட்டுக்காரரை மீட்டர் ரூமுக்கு விரட்டிக் கோட்டைப் பிடிக்கச் சொன்னார். என்னைத் தூர நிற்கவைத்துவிட்டு, பலகை போட்டு அதன் மேல் முழங்காலிட்டு அளந்தார். ஆயிரத்து இருபத்தாறு. ஆயிரத்து முப்பத்தொன்று. ஆயிரத்துப் பத்தொன்பது. கடைசி மூலையில் ஆயிரத்து நாற்பத்து மூன்று. அதை மட்டும் மூன்று தடவை அளந்தார்.

“நாற்பத்து மூணு” என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு என்னைப் பார்த்து, “இங்க இனிமே யாரும் கால் வைக்கக்கூடாது. மெஷினை மாடிக்கு ஏத்திடலாம்” என்றார். நான்கு எண்ணையும் பேனாவால் கட்டத்தில் எழுதினார்.

புதுப் படத்தைப் பார்த்துச் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இடதுபக்கச் சரிவெல்லாம் இப்போது சின்னதாகத் தெரிந்தது. என் மூலைதான் கருநீலத்தில் பள்ளமாக வாய் பிளந்து நின்றது. “இதைக் கொண்டுபோனா நம்ம தலையில நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கற மாதிரி. பழைய படத்தையே கொடுத்துடுவோம். மூலையை விசாரணை முடிஞ்சதும் சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்” என்று கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் கும்பிட்டார். அண்ணி பழைய படத்தை அவர் கண் முன்னாலேயே நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

வியாழக்கிழமை விசாரணை. அதிகாரியின் அறையில் நீள மேசை, ஒரு பக்கம் நாங்கள், எதிர்ப்பக்கம் குழி தோண்டுகிறவர்களின் இஞ்சினியர். அவர் முந்திக்கொண்டார். ஒரு தாளையும் ஒரு போட்டோவையும் மேசையில் வைத்தார். போட்டோவை எட்டிப் பார்த்தேன். மதில் சுவருக்கு மேலிருந்து எடுத்திருக்கிறார்கள். என் வாஷிங் மெஷின் குழாய், மழைக்குழாய்க்குள் போகிறது, பளிச்சென்று.

“பழைய கட்டடம் சார். உள்ளேயே தண்ணி விட்டுக்கிட்டு இருக்காங்க. மண்ணு கரைஞ்சு கட்டடம் மொத்தமா இறங்குது. எங்க குழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே சாம்பலாகியிருக்க வேண்டும். பழைய படத்தை மட்டும் கொண்டுவந்திருந்தால் எங்கள் கதை அந்த நிமிடத்தோடு முடிந்திருக்கும். மூலை மட்டம் என்று நாங்கள் சொல்ல, அந்தப் போட்டோ எங்களைப் பொய்யர்கள் என்று சொல்லியிருக்கும்.

அண்ணி எழுந்து படத்தை விரித்தார். பக்கத்தில் நூற்றுத் தொண்ணூற்றைந்து அளவுகளின் பட்டியலையும் வைத்தார். பேனாவில் இருப்பது அளந்த எண், பென்சிலில் இருப்பது கணக்குப் போட்ட எண் என்று விளக்கினார். அதிகாரி மூலையில் விரலை வைத்து, “இது யார் வீடு?” என்றார்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

“என் வீடு சார். அந்தக் குழாய் நான் போட்டது. யாருகிட்டயும் கேக்காமப் போட்டேன்.”

இஞ்சினியர் சிரித்தே விட்டார். “அவங்களே ஒத்துக்கிட்டாங்களே சார்.”

“ஒத்துக்கிட்டோம்” என்றார் அண்ணி. “இப்ப இதையும் பாருங்க. மூலையில நாற்பத்து மூணு. அங்கிருந்து இடப்பக்கமா வாங்க. பத்தொன்பது, ஒன்பது, நாலு, ஒண்ணு. நாலு கட்டம் தாண்டினா பள்ளம் முடிஞ்சுபோச்சு. அந்த ஒண்ணையும் சேத்து நடுவுல எட்டு கட்டம் தரை மட்டமா நிக்குது. அதுக்கப்புறம் மறுபடி இறங்குது. ரெண்டு, ஆறு, பதினொண்ணு, உங்க குழி ஓரத்துல பதினேழு. எங்க தண்ணி நடுவுல இருக்கிற எட்டு கட்டத்தையும் தொடாம, தாண்டிக் குதிச்சு உங்க பக்கம் வந்து மண்ணைக் கரைச்சுதா?”

இஞ்சினியர் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். திரும்பவும் இந்தப் பக்கம் திருப்பினார். நடுவில் இருக்கிற எண்கள் சரியா என்று கேட்டார். “ட்யூப் கொண்டுவந்திருக்கேன், இப்பவே வாங்க” என்றார் அண்ணி. உண்மையிலேயே கொண்டுவந்திருந்தார். நாற்காலிக்கு அடியில் சுருட்டி வைத்திருந்ததை அப்போதுதான் நாங்களே பார்த்தோம்.

அதிகாரி அன்று மாலையே நேரில் வந்தார். அவருடைய ஆள் சொந்தக் கருவியில் பத்து இடம் அளந்தார். எதிலும் அண்ணியின் எண்ணோடு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை. குழி ஓரத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி முடிக்கிற வரைக்கும் தோண்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. என் மூலையைப் பதினைந்து நாளில் சங்கம் சரி செய்ய வேண்டும், அதுவரை என் வீட்டின் பின்பகுதியைப் பூட்டி வைக்க வேண்டும் என்றும் வந்தது. யாரும் காலி பண்ண வேண்டியிருக்கவில்லை. என் குளியலறைத் தரையை உடைத்தபோது கீழே மழைக்குழாய் உடைந்து கிடந்தது, அதைச் சுற்றி ஒரு ஆள் உட்காரலாம் போல வெற்றிடம் இருந்தது. அதை எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் பாதாளம் என்று ஜோக் அடிக்கவில்லை. போய் ஹாலில் உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் சட்டென்று போகிற கதையை எல்லோரிடமும் என் குரலிலேயே நடித்துக் காட்டினாள். எனக்கு வேண்டியதுதான். அண்ணியும் எனக்காக யாரிடமும் பரிந்து பேசவில்லை. “ஏன் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன். “நீயே எழுந்து சொன்னியே, அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?” என்றார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டில்தான், என் மகளுக்கும் சேர்த்து.

மண் நிரப்பி, தரை போட்டு, குழாயைச் சாக்கடையில் சேர்த்து ஏழு மாதம் ஆகிறது. உடைத்த தரையைப் பழைய உயரத்துக்கு உயர்த்தவில்லை. இறங்கியது இறங்கியதாகவே, அதே மட்டத்தில் டைல்ஸ் ஒட்டினோம். இனி ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் எண்ணிலேயே தெரியட்டும் என்றார் அண்ணி. மாதத்தின் முதல் ஞாயிறு அண்ணி கழுத்தில் டேப்போடும் தோளில் ட்யூபோடும் இறங்கி வருவார். எல்லா வீட்டிலும் கதவைத் தட்டுவார். செயலாளர் வீட்டில்கூட இப்போது கட்டிலை நகர்த்தித் தருகிறார்கள்.

என் வீட்டில் அவர் கதவைத் தட்டுவதில்லை. அது திறந்தே இருக்கும். மாடியிலிருந்து இறக்கிய வாஷிங் மெஷினை அவர் வருவதற்கு முன்பே இழுத்து நகர்த்தி, தரையைத் துடைத்துக் காயவைத்துவிடுவேன். நான் மீட்டர் ரூமில் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உள்ளேயிருந்து அவர் சத்தமாகச் சொல்வார்:

“நாற்பத்து மூணு.”

“இன்னொரு தடவை பாருங்க அண்ணி” என்பேன்.

“பாத்துட்டேன். நாற்பத்து மூணுதான்.”

ஏழு மாதமாக அதே எண். பேனாவால்தான் எழுதுகிறார்.